நுண்ணோக்கி வழியே ஒரு மாமனிதர்

வெற்றிலையும் புகையிலையும் மென்றபடியே வயல்வேலை செய்தவர் என் பாட்டி. ஒருநாள் அவர் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று தோன்றியது. மருத்துவர் அதிலிருந்து சிறிது சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வாய்ப்புற்று என்று முடிவு வந்தது. இன்னும் எத்தனை நாள் இருப்பேன் என்று பாட்டி என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். ஆயினும் என்னிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடியபோதுதான் ருடால்ஃப் விர்ச்சோவின் வரலாற்றைப் படித்தேன்.

1821ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுச் சிற்றூர் ஒன்றில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர் விர்ச்சோ. அரசின் உதவியால் பெர்லினில் மருத்துவம் பயின்றார். 1848இல் மேல் சைலீசியாவில் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது அங்கு அனுப்பப்பட்டார். மருந்து மட்டும் போதாது, ஏழைகளுக்குக் கல்வியும் நல்ல கூலியும் உரிமையும் வேண்டும் என்று துணிந்து எழுதினார். 1858இல் வெளிவந்த அவரது நூல், நோயின் இருப்பிடம் உயிரணுவே என நிலைநாட்டியது.

1863இல் புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை எடுத்துரைத்தார். நாட்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்புண்டு என்று கருதினார். அன்று அவர் கண்ட அணுக்களை இன்று இனம்பிரித்து எண்ணுகின்றனர். வாய்ப்புற்றுக் கட்டிக்குள், நோயணுவைக் கொல்லும் டி அணுக்கள் மிகுந்திருப்போர் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்கின்றனர் எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கட்டிக்கே துணைபோகும் வெள்ளணுக்களும் உண்டு. வேலியே பயிரை மேய்வதுண்டு அன்றோ!

பெரியோரும் தவறுவதுண்டு. 1887இல் ஜெர்மன் பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் தொண்டையிலிருந்து எடுத்த சதைத்துணுக்குகளை விர்ச்சோ ஆராய்ந்தார். அவற்றில் புற்று இல்லை என்றார். மறு ஆண்டு அரியணை ஏறிய பிரெடரிக், 99 நாட்களே ஆண்டு, தொண்டைப் புற்றால் மாண்டார். ஒரு துணுக்கு முழு உடலின் கதையையும் சொல்லிவிடாது என்பதை நான் இதிலிருந்து கற்றேன். அணுக்களை எண்ணிச் செய்யும் கணிப்பும் அப்படித்தான். பலருக்குப் பொதுவாகப் பொருந்தும், ஒருவரின் நாளைக் குறித்துத் தராது.

விர்ச்சோ 1902இல் மறைந்தார். என் பாட்டியும் இன்று இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் அமரும்போதெல்லாம் என்னுடன் அமர்கிறது. நண்பர்களே, உங்கள் வீட்டில் யாருக்கேனும் வாயில் புண் இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாதிருந்தால், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யும் முதல் தொண்டு அதுவே.