யார் இந்த டெலியா டெர்பிஷயர்? நாடே கேட்ட இசை, யாருக்கும் தெரியாத பெயர்

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் டிவி தொடரைப் பார்க்காதவர்களும் அதன் தொடக்க இசையை எங்காவது கேட்டிருப்பார்கள். இல்லையென்றால் யூடியூபில் ஒருமுறை தட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். கீழே குதிரை ஓடுகிற மாதிரி ஒரு தாளம், மேலே ஊளையிட்டு நெளிந்து போகும் ஒரு மெட்டு. சிந்தசைசர் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அது முதன்முதலில் ஒலித்த 1963 நவம்பர் 23 அன்று, அதை உருவாக்கிய பிபிசி கூடத்தில் சிந்தசைசரே கிடையாது. டேப்பை பிளேடால் வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டி, 26 வயதுப் பெண் ஒருவர் செய்த வேலை அது. தொடரின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. வருவதற்கு அரை நூற்றாண்டு ஆனது.

டெலியா டெர்பிஷயர் 1937-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பிறந்தவர். அப்பா உலோகத் தகடு வேலை செய்யும் தொழிலாளி. 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் ஒரே இரவில் அந்த ஊரின் மையப் பகுதியை நொறுக்கிப் போட்டன. அப்போது டெலியாவுக்கு மூணு வயசு. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் ஏறி ஏறி இறங்கும் அந்த அபாயச் சங்குதான் தான் கேட்ட முதல் மின்னிசை என்று பிற்காலத்தில் அவர் சொன்னதுண்டு. பிறகு பிரெஸ்டனுக்குப் போனார்கள். அங்கே விடிகாலையில் ஆலைத் தொழிலாளிகள் மரக்கட்டைச் செருப்போடு கல் பாவிய தெருவில் நடக்கும் சத்தம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அவருடைய இசையைக் கேட்டால், அங்கங்கே அகப்படும்.

வீட்டில் வெளியுலகத்துக்கு இருந்த ஒரே ஜன்னல் ரேடியோ. படிப்பில் கெட்டி. உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் கர்ட்டன் கல்லூரியில் சேர்ந்து முதலில் கணிதம், பிறகு இசை படித்து 1959-ல் பட்டம் வாங்கினார். கணக்கும் தெரியும், இசையும் தெரியும். நேராக டெக்கா ரெக்கார்டிங் கம்பெனியில் போய் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சுற்றி வளைக்கவெல்லாம் இல்லை, காரணத்தையே அப்படித்தான் சொன்னார்கள். கொஞ்ச காலம் ஜெனீவாவில் வேலை பார்த்துவிட்டு, 1960-ல் பிபிசியில் பயிற்சி நிலை ஸ்டூடியோ உதவியாளராகச் சேர்ந்தார்.

அங்கேதான் 'ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்' அவர் கண்ணில் பட்டது. ரேடியோ நாடகங்களுக்கு விநோதமான ஒலிகளைச் செய்து தருவதற்காக 1958-ல் லண்டன் மெய்டா வேல் பகுதியில் தொடங்கிய சின்னக் கூடம் இது. தொடங்கிய இருவரில் ஒருவர் டேஃப்னி ஓரம் என்ற பெண். புதிய இசைக்கான களமாக அதை வளர்க்க நினைத்தார் அவர். பிபிசிக்கு அதில் அக்கறை இல்லை. அடுத்த வருஷமே அவர் விலகிவிட்டார். அந்த மாதிரி சத்தங்களோடு அதிக நாள் இருந்தால் உடம்புக்கு ஆகாது என்ற பயத்தில், ஆட்களை அங்கே மூணு மாசத்துக்கு மட்டும் அனுப்புவது வழக்கம். டெலியா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு 1962-ல் போனார். 11 வருஷம் இருந்தார்.

ஒரு ஸ்வரத்துக்கு எத்தனை அங்குல டேப்?

டாக்டர் ஹூ இசைக்கு வருவோம். மெட்டு ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளருடையது. ஒரே ஒரு தாளில் ஸ்வரங்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதை ஒலியாக்கும் வேலை டெலியாவுடையது.

ஒரு கம்பியை ஒருமுறை சுண்டிப் பதிவு செய்துகொண்டார். டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி ஒரே சுண்டலிலிருந்து தேவையான எல்லா ஸ்வரங்களையும் எடுத்தார். மேலே வரும் மெட்டு, கருவிகளைச் சோதிக்கும் ஆசிலேட்டர்களின் ஒலி. அடுத்தது கால அளவு. டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடினால், அரை விநாடி ஸ்வரத்துக்கு ஏழரை அங்குலத் துண்டு. ஒவ்வொரு ஸ்வரத்தையும் இப்படி அளந்து வெட்டி, வரிசையாக ஒட்ட வேண்டும். பல டிராக் கருவியும் கிடையாது. தனித்தனி டேப்புகளை ஒரே நொடியில் ஓடவிட்டுச் சேர்த்தார்கள். ஒரு இடத்தில் தாளம் பிசகியபோது, டெலியாவும் உதவிக்கிருந்த டிக் மில்ஸும் டேப்புகளை நீளத் தாழ்வாரத்தில் பக்கம் பக்கமாக விரித்து, எந்த ஒட்டு விலகியிருக்கிறது என்று நடந்தே கண்டுபிடித்தார்களாம். லாகரிதம் புத்தகம் எப்போதும் டெலியாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

கேட்ட கிரெய்னருக்கே இது தன் மெட்டுதானா என்று ஆச்சரியம். ராயல்டியில் பாதி டெலியாவுக்குப் போக வேண்டும் என்றார். பிபிசி ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பதவியில் 'உதவியாளர்கள்'. திரையில் கூடத்தின் பெயர்தான் வரும், ஆளின் பெயர் வராது. ஆண்களுக்கும் அதே விதிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒரு சம்பவம். அதே கூடத்தின் மடலேனா ஃபகண்டினி செய்த ஒரு இடைவேளை இசை 1962-ல் ரெக்கார்டாக வெளியானது. உறையில் இருந்தது 'ரே கேத்தோட்' என்ற கற்பனை ஆணின் பெயர்!

ரேடியோவில் கனவுகள்

டெலியாவின் பெயரோடு எல்லோரும் டாக்டர் ஹூவைத்தான் சேர்த்துச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய வேலை ரேடியோவில் இருக்கிறது. பாரி பெர்மாஞ் என்ற நாடக ஆசிரியர், சாதாரண மனிதர்கள் தாங்கள் கண்ட கனவுகளைச் சொல்வதைப் பதிவு செய்துகொண்டு வந்தார். ஓடுவது, விழுவது, நிலம், நீருக்கடியில் இருப்பது, நிறங்கள் என்று ஐந்து பகுதிகள். 'தி ட்ரீம்ஸ்' என்ற பெயரில் 1964 ஜனவரியில் பிபிசியின் மூன்றாம் அலைவரிசையில் ஒலித்தது. அறிவிப்பாளரும் இல்லை, கதையும் இல்லை. குரல்கள் துண்டு துண்டாக வந்து, ஒரே வாக்கியம் திரும்பத் திரும்பச் சுழன்று, அடியில் டெலியாவின் நீண்ட ஒலிகள் மெல்ல அசைகின்றன. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

கடவுளைப் பற்றி, மரணத்துக்குப் பிந்தைய வாழ்வைப் பற்றி, முதுமையைப் பற்றி என்று 1965-க்குள் இன்னும் மூன்று. நான்கிலும் பேசுபவர்கள் ஊர் பேர் தெரியாதவர்கள், அவரவர் வட்டார வழக்கில் பேசுபவர்கள். நிகழ்ச்சி போனது பெர்மாஞ்சின் பெயரிலும் ஒர்க்‌ஷாப்பின் பெயரிலும். டெலியா எந்தப் பெண்ணியக் கொள்கை அறிக்கையும் எழுதியதில்லை. ஆனால் ஒலிக்கலையில் இருக்கும் பெண்கள் இன்று அவரை முன்னோடியாகப் பார்ப்பது சும்மா இல்லை. பின்னணி என்று ஒதுக்கப்பட்ட வேலையை முழுப் படைப்பாக்கியது இந்த நான்கு நிகழ்ச்சிகளில்தான் என்பது என் எண்ணம்.

சஹாராவின் துவாரெக் மக்களைப் பற்றிய ஒரு ஆவணப்படத்துக்கு அவர் எடுத்த பாடு தனிக்கதை. பச்சை நிற உலோக விளக்குக் கூண்டு ஒன்றைத் தட்டி, தட்டிய சத்தத்தை வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் நீளும் ரீங்காரத்தை மட்டும் எடுத்தார். அதில் என்னென்ன அதிர்வெண்கள் இருக்கின்றன என்று கணக்கிட்டு, ஆசிலேட்டர்களால் அதைத் திரும்பக் கட்டினார். ஒட்டகக் குளம்படிக்குத் தன் குரலையே நறுக்கிப் போட்டார்.

பிபிசிக்கு வெளியேயும் வேலை செய்தார், ஆனால் அங்கேயும் சில சமயம் 'லி டெ லா ரூஸ்' என்ற புனைபெயரில். 1970-களில் சிந்தசைசர்கள் வந்தன. அவசர அவசரமாக வேலை கேட்டார்கள். டெலியாவுக்கு அது பிடிபடவில்லை. 1973-ல் விலகினார். பிறகு எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியிடத்தில் ரேடியோ ஆபரேட்டர் வேலை, ஒரு ஓவியக் கூடத்தில் உதவி. இசைப் பக்கம் ரொம்ப நாள் வரவே இல்லை. 1990-களின் கடைசியில்தான் இளம் இசைக்கலைஞர்கள் அவரைத் தேடிப்போகத் தொடங்கினார்கள். 2001 ஜூலையில் 64 வயதில் காலமானார்.

வீட்டுப் பரணில், காலை உணவு தானியம் வரும் அட்டைப் பெட்டிகளுக்குள் 267 டேப்புகள் கிடைத்தன. அவை இப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. டாக்டர் ஹூவின் 50-ம் ஆண்டு சிறப்புப் படம் 2013 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது. ரான் கிரெய்னரின் பெயரோடு அன்றைக்குத்தான் டெலியா டெர்பிஷயரின் பெயரும் முதல்முறையாகத் திரையில் வந்தது.