தண்டுநீர் ஆய்ந்த குவின்கே

காவிரி பெருகுங்காலத்து நம் தஞ்சை நாட்டார் வடிகால் மதகைத் திறந்து கரையைக் காப்பர். அதனையொத்த செயலை மனித உடம்பிற் செய்தவர் ஹைன்ரிக் குவின்கே. 1842-இல் பிறந்த இந்த ஜெர்மானியப் பெரியார், கீல் பல்கலைக்கழகத்தில் 1878 முதல் 1908 வரை மருத்துவப் பேராசிரியராய் விளங்கினார். தலையில் நீர்கோத்து வருந்திய குழந்தைகளின் துயர்தீர்க்க எண்ணி, இடுப்பு முள்ளெலும்புகளினிடையே ஊசி செலுத்தித் தண்டுநீரை வடித்தார். 1891-இல் அம்முறையை வெளியிட்டார். நீரின் அழுத்தம், புரதம், சர்க்கரை ஆகியவற்றையும் அளந்தறிந்தார். 1922-இல் மறைந்தார்.

கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையால் விளையும் மூளையுறை அழற்சியை, அந்நீரிற் கலந்துள்ள பூஞ்சையின் உறைப்பொருளைக் கொண்டே இன்று மருத்துவர் விரைவில் துணிகின்றனர். அழுத்தம் மிகின் மீண்டும் வடித்து உயிர் காக்கின்றனர். வெறுந் தலைவலியென்று தாமதிப்பின் கொல்லும் நோயிது. ஊசிக்கஞ்சி மறுக்கும் நம்மவர்க்கு இவர் வரலாற்றை எடுத்துரைப்பது கற்ற நமது கடனாகும்.