கற்றதும் கல்லாததும்

ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் பணியேற்ற நம் பழைய மாணவர் சிலர், இப்பதவிக்குத் தாம் தகுதியுடையோம்தாமா என்னும் ஐயம் உள்ளத்தை அரிப்பதாக எம்மிடம் கூறுவதுண்டு. அவர்களை எண்ணியே தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் வாழ்வின் ஒரு பகுதியை இங்கு எழுதுகின்றோம்.

1880 பிப்ரவரியில், 25 வயது நிறையும் வேளையில், ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்னும் பெருமை அவருக்கு இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில், முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். கற்ற நூல்கள் யாவை என முதலியார் வினவ, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகம் மலரவில்லை. சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை.

முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியைப் பிரித்தபோது, நச்சினார்க்கினியர் உரையே பல இடங்களில் விளங்கவில்லை. கல்லூரி ஆசிரியர் என்னும் பெயரைக் காக்க அதனை மூடி வைத்திருக்கலாம். நாமாயின் அதனையே செய்திருப்போம். ஐயரோ குடந்தைச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, மாணவராய் அமர்ந்து, அவர்தம் சமயச் சொற்களுக்குப் பொருள் கேட்டறிந்தார். ஏடுகளைத் தேடினார், பாடங்களை ஒப்பிட்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1892இல் சிலப்பதிகாரமும் 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. முதலியார் அன்று வினவிய மூன்றும் அவைதாம்.