எண்களுக்கு உருக்கொடுத்த அம்மையார்

போர் என்றதும் வாளும் துப்பாக்கியும் உயிர்களைக் கவரும் காட்சியே நம் நினைவுக்கு வரும். ஆயினும், அவற்றினும் கொடிய பகை ஒன்று பாசறையிலும் மருத்துவமனையிலும் மறைந்திருத்தல் உண்டு. அப்பகையை ஒரு படத்தின் வாயிலாக உலகுக்குக் காட்டியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

இவர் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த நகரின் பெயரையே பெற்றோர் இவருக்கு இட்டனர். இளமை முதற்கொண்டே கணிதத்தில் இவருக்கு வேட்கை மிகுதி. நோயாளிகளுக்குத் தொண்டு செய்ய விழைந்தபோது வீட்டார் தடுத்தனர்; எனினும் இவர் உறுதி தளரவில்லை.

கிரிமியப் போரில் காயமுற்ற ஆங்கிலேய வீரர்கள் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கு 1854ஆம் ஆண்டு நவம்பரில் முப்பத்தெட்டுப் பெண்களுடன் அம்மையார் சென்று சேர்ந்தார். இரவு நேரங்களில் கையில் விளக்கேந்தி நோயாளிகளைப் பார்த்து வந்தார். ஆயினும், அவ்வாண்டுக் குளிர்காலத்தில் சாவுகள் பெருகினவேயன்றிக் குறையவில்லை. கட்டடத்தின் அடியில் சாக்கடைகள் அடைபட்டுக் கிடந்தன. உள்ளே நல்ல காற்றோட்டமும் இல்லை. 1855ஆம் ஆண்டு மார்ச்சில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் வந்து இக்குறைகளைக் களைந்தனர். அதன்பின் சாவுகள் பெரிதும் குறைந்தன.

1856இல் தாய்நாடு திரும்பிய அம்மையார், புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் என்பவரின் துணையுடன் போர்க்காலக் கணக்குகளை ஆராய்ந்தார். 1855 ஜனவரியில் மட்டும், தடுக்கத்தக்க நோய்களால் 2,761 பேர் இறந்திருந்தனர். காயங்களால் இறந்தவரோ 83 பேரே. அன்பு நிறைந்த தொண்டு மட்டும் போதாது, தூய்மையும் வேண்டும் என்பதை அவ்வெண்கள் உணர்த்தின. அவ்வுண்மையை அவர் மறைக்க எண்ணவில்லை.

எண்கள் நிரம்பிய பட்டியலை அமைச்சர்கள் ஊன்றிப் படிப்பார்களா? படத்தைக் கண்டால் ஒரு நொடியில் உணர்வர் என்று அம்மையார் கருதினார். ஆகவே, வட்டத்தைப் பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மாதத்திற்கு உரியதாக்கினார். நோயால் நேர்ந்த சாவுக்கு நீலமும், காயத்தால் நேர்ந்த சாவுக்குச் சிவப்பும், பிற காரணங்களுக்குக் கறுப்பும் தீட்டினார்.

முதலில் வரைந்த படங்களில், மையத்திலிருந்து செல்லும் கோட்டின் நீளமே சாவின் அளவைக் காட்டியது. ஆனால், பார்ப்பவர் கண் நீளத்தையன்றிப் பரப்பையே அளவாகக் கொள்ளும். ஆரம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடும் அன்றோ? அதனால் உண்மை மிகைபடத் தோன்றும். இப்பிழையை உணர்ந்த அம்மையார், பரப்பே அளவாகும்படி படத்தைத் திருத்தி 1858இல் வெளியிட்டார். மிகை தம் கட்சிக்கு வலிவு தருவதாயினும் அதனை அவர் விரும்பவில்லை.

திருத்திய படத்திலும் சிவப்பைச் சூழ்ந்து நீலமே பரந்து விரிந்திருந்தது. குழு வந்த பிறகு நீலம் சுருங்குவதையும் யாவரும் கண்டனர். படைவீரர் குடியிருப்புகளிலும் மருத்துவமனைகளிலும் காற்றோட்டம், குடிநீர், கழிவுநீர் வசதிகள் சீர்பெற்றன. லண்டன் புள்ளியியற் கழகம் அவரைத் தன் முதற்பெண் உறுப்பினராக ஏற்றது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த அம்மையார், 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் இயற்கை எய்தினார்.

வரைபடம் ஒன்றைக் காணும்போது, அதில் அளவைக் காட்டுவது நீளமா, பரப்பா என்று முதலில் வினவுதல் வேண்டும். வரைபவர்க்கு நேர்மையும் காண்பவர்க்குக் கூர்மையும் இருப்பின், ஊமை எண்களும் வாய் திறந்து பேசும், பல்லுயிரும் காக்கும்.