பாடிக்கொண்டே உயிர்விட்ட சிவகாசி நடிகர்!

மல்லாங்கிணறு டீக்கடைகளில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. இப்ப வர்ற பாட்டில் சரக்கு இருக்கா, இல்லையா?

இதே விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் 1886-ல் பிறந்தவர் நாடக நடிகர் விசுவநாததாஸ். மைக் வராத காலத்திலேயே மேடை ஏறியவர். முருகன் வேஷத்தில் வெள்ளைக்காரனைச் சாடிப் பாடுவார். போலீஸ் பிடிக்கும். ஜெயிலில் இருந்து வந்ததும் மறுபடி அதே பாட்டு!

முடிதிருத்தும் சமூகத்தவர் என்று சொல்லி, அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. மனுஷன் அசரவில்லை.

1940 டிசம்பர் 31. சென்னை நாடக மேடை. மயில் மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது.

நல்ல குரல் இன்றும் நிறைய உண்டு. ஜெயிலுக்கு அஞ்சாமல் பாடும் நெஞ்சுதான் அபூர்வம்!