மங்கிய கோடு

இங்கிலாந்து விஞ்ஞானி ஜே. ஜே. தாம்சன் 1856-ல் மான்செஸ்டரில் பிறந்தார். தந்தை புத்தக வியாபாரி. அவர் 1873-ல் இறந்தார். என்ஜினீயர் தொழில் பழகப் பணம் இல்லை. தாம்சன் உதவித் தொகை பெற்று கேம்பிரிட்ஜில் படித்தார். 1897-ல் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தார். 1906-ல் நோபல் பரிசு பெற்றார்.

1912-ல் நியான் வாயுவைச் சோதித்தார். மின்சாரம் ஏறிய அணுக்களைக் காந்தத்தால் வளைத்து, போட்டோ தகட்டில் விழச் செய்தார். எடைக்கு ஒரு கோடு விழும். 20-ல் பளிச்சென்று ஒரு கோடு. பக்கத்தில், 22-ல் மங்கலாக இன்னொன்று!

கலந்து வந்த கரியமில வாயுவின் வேலையா? அதன் எடை 44. இரட்டை மின்சாரம் ஏறினால் 22 போலவே விழும். அதைக் குளிரால் உறைய வைத்து நீக்கினார். கோடு மறையவில்லை!

அவருடைய உதவியாளர் ஆஸ்டன், 1919-ல் புதிய கருவி செய்து, அதுவும் நியானே என்று காட்டினார். 1922-ல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தாம்சன் 1940-ல் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில், நியூட்டனுக்கு அருகில் அடக்கமானார்.