அறிவியல் ஆசிரியர் மீட்ட யாழ்

தமிழ் படிப்பவர்க்கு அறிவியல் எட்டாது. அறிவியல் படிப்பவர்க்குத் தமிழ் தேவையில்லை. இப்படியோர் எண்ணம் மாணவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. அதைத் தம் வாழ்வாலேயே பொய்யாக்கியவர் சுவாமி விபுலானந்த அடிகள். துறவி என்றும் முத்தமிழ் வித்தகர் என்றும் அவரைப் போற்றுகிறோம். அவர் முதலில் ஒரு பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவு என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், சாமித்தம்பி, கண்ணம்மா தம்பதியரின் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். மட்டக்களப்பில் ஆங்கிலக் கல்வி கற்றுக் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். இளம் வயதிலேயே ஆசிரியப் பணியில் புகுந்து, பின் கொழும்பில் முறையான ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

அவர் கற்ற பாதை இரண்டு தண்டவாளங்களின்மேல் ஓடியது. கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1916இல் அறிவியல் டிப்ளமோ பெற்றார். அதே காலத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் வென்றார். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய அச்சங்கம் நம் திண்டுக்கல்லுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. கடல் கடந்து வாழ்ந்த இளைஞர் ஒருவர் பகலில் சோதனைக் குழாயும் இரவில் தொல்காப்பியமுமாக உழைத்து, அச்சங்கத்தின் பட்டத்தைப் பெற்றார் என்றால் அவருடைய ஆர்வத்தை என்னென்பது!

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது உயர்நிலைப் பள்ளியே. மாணவர்க்குக் கற்பித்துக்கொண்டே தாமும் படித்து லண்டன் பல்கலைக் கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

பதவியும் புகழும் தேடிவந்த வேளையில் அவர் மனம் துறவை நாடியது. 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் விபுலானந்தர் என்னும் துறவுப் பெயர் பெற்றார். உறவைத் துறந்தவர் கரும்பலகையைத் துறக்கவில்லை. தாயகம் திரும்பி இராமகிருஷ்ண சங்கப் பள்ளிகளை வளர்த்தார். 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அப்போதும் அருகிலிருந்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்.

அவருடைய வாழ்நாட் சாதனை யாழ்நூல். பண்டைத் தமிழர் இசைத்த யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அதன் இலக்கணம் இருக்கிறது. ஆனால் அதை வாசித்துக் காட்ட ஒரு கருவி இல்லை. புலவர்கள் சொற்பொருள் கூறினர்; ஓசை மட்டும் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் பழைய அறிவியல் ஆசிரியர் விழித்துக்கொண்டார்.

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சுரமானியை வைத்துச் செய்யும் சோதனையை நினைத்துப் பாருங்கள். இழுவிசை மாறாதிருக்க, கம்பியின் நீளம் குறையக் குறைய அதிர்வெண் கூடும். 90 சென்டிமீட்டர்க் கம்பி குரல் என்னும் சுரத்தைத் தருமானால், 60 சென்டிமீட்டர் இளியைத் தரும். 45 சென்டிமீட்டர் மேற்குரலைத் தரும். குரலின் அதிர்வெண் 240 என்றால் இளிக்கு 360, மேற்குரலுக்கு 480. குரல் முதல் தாரம் வரை ஏழு நரம்புகளுக்கும் பழைய நூலோர் வகுத்த அலகுகள் 4, 4, 3, 2, 4, 3, 2; ஆக 22. மனப்பாடச் செய்யுளாகக் கிடந்த இவ்வெண்களை அடிகள் அதிர்வு விகிதங்களாக எண்ணிக் கணக்கிட்டார். 21 நரம்புடைய பேரியாழ், 14 நரம்புடைய சகோட யாழ் முதலியவற்றின் அமைப்பு அக்கணக்கால் துலங்கியது. இலக்கியம் மட்டும் கற்றவர்க்கோ, இயற்பியல் மட்டும் கற்றவர்க்கோ இது கைகூடியிருக்குமா?

14 ஆண்டு உழைப்பின் பயனான அந்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 ஜூன் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. ஏட்டில் உறங்கிய யாழ், அவையோர் காதுகளில் மீண்டும் ஒலித்தது. அப்போது அடிகள் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். உடல் நலிந்திருந்த நிலையிலும் விழாவைக் கண்டு நாடு திரும்பிய அவர், ஜூலை 19ஆம் நாள் மறைந்தார். அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே ஒன்றரை மாதமே இருந்தது. அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்திலேயே அவர் உடல் துயில்கிறது.

தோழர்களே, தோழியரே! ஆய்வுக்கூடத்தில் கற்பதை அங்கேயே விட்டுவிட்டுத் தமிழ் வகுப்புக்குப் போகிறோம்; தமிழ் வகுப்பில் கேட்பதைத் தேர்வோடு மறக்கிறோம். அடிகள் இரண்டையும் ஒரே உள்ளத்தில் சேர்த்து வைத்தார். இறந்த யாழ் உயிர் பெற்றது. நம் மொழியில் இன்னும் ஊமையாய்க் கிடக்கும் நரம்புகள் எத்தனையோ! அவற்றை மீட்டும் விரல்கள் நம்முடையவையாக இருக்கட்டும்.